பள்ளிவாசலில் ஒரே வரிசை, பள்ளிக்கூடத்தில்?

சில ஆண்டுகளுக்கு முன்பு, மே மாதத்தின் ஒரு முற்பகல். நாங்கள் சிலர் பொறுப்பில் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. வரிசையின் கடைசியில் நின்ற பெண்மணி, தம் முறை வந்ததும் விண்ணப்பம் கேட்கவில்லை. தயங்கித் தயங்கி ஒரு கேள்வியைத்தான் கேட்டார்.

"ஹாஜியார், அரசாங்கம் சொல்ற அந்த இருபத்தஞ்சு சதவீத இலவச சீட்டு நம்ம பள்ளிக்கூடத்துலயும் உண்டுதானே?"

செயலாளர் பொறுமையாகவே பதில் சொன்னார். "இல்லைம்மா. நம்மது சிறுபான்மைப் பள்ளிக்கூடம். அந்தச் சட்டம் நமக்குப் பொருந்தாது."

அந்தப் பெண்மணி சற்று நேரம் யோசித்தார். "அப்போ, நம்ம பள்ளிக்கூடம்ங்கிறதாலதான் நம்ம பிள்ளைக்கு இடம் இல்லையா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை, புரிந்துகொள்வதற்காகவே கேட்டார். கணவர் வாடகை ஆட்டோ ஓட்டுகிறார். இவர் வீட்டில் இருந்தபடி துணி தைக்கிறார். அந்த மாதமே அவர்களுடைய மகனுக்கு, இரண்டு தெரு தள்ளி வேறொரு சமூகத்தார் நடத்தும் தனியார் பள்ளிக்கூடத்தில் குலுக்கல் முறையில் இலவச இடம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நன்றாகப் படிக்கிறான். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு நாங்கள் அன்றும் பதில் சொல்லவில்லை. இன்றும் எங்களிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியைச் சமுதாயத்தின் முன் வைப்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

குழந்தைகளுக்கு 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி தரப் பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்பது நம் அரசியலமைப்பின் தொடக்கக் காலத்து வழிகாட்டுதல். அந்தப் பத்தாண்டு 1960இல் முடிந்தது. ஆயினும் கல்வி, அடிப்படை உரிமை என்னும் நிலையை எட்டுவதற்கு 2002ஆம் ஆண்டின் 86ஆவது திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அத்திருத்தம் சேர்த்த 21-ஏ பிரிவுக்குச் செயல்வடிவம் கொடுக்கவே 2009இல் நாடாளுமன்றம் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இச்சட்டத்தைப் பலரும் '25 சதவீதச் சட்டம்' என்று மட்டுமே அறிந்துவைத்திருக்கிறார்கள். உண்மையில் அதன் பரப்பு பெரிது. 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் அருகமைப் பள்ளியில் படிக்கும் உரிமையை அது தருகிறது. சேர்க்கைக்கு நன்கொடை வாங்கக் கூடாது. குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு, நேர்காணல் எனச் சலித்தெடுக்கக் கூடாது. அடிக்கவோ மனம் நோகச் செய்யவோ கூடாது. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், நடுநிலை வகுப்புகளில் 35 பேருக்கு ஓர் ஆசிரியர், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், நூலகம், விளையாட இடம் ஆகியவை இருக்க வேண்டும். ஆசிரியர்கள் உரிய தகுதி பெற்றிருக்க வேண்டும். எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்திவைக்கக் கூடாது என்றும் முதலில் விதித்திருந்தது. 2019இல் வந்த திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் அதைத் தளர்த்தும் அதிகாரத்தை அரசுகளுக்கு வழங்கியது.

இவற்றோடு 12(1)(சி) பிரிவும் உண்டு. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் தம் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களைச் சுற்றுவட்டாரத்தில் வாழும் நலிந்த, பின்தங்கிய பிரிவுகளின் குழந்தைகளுக்கு ஒதுக்கி, இலவசமாகக் கற்பிக்க வேண்டும். அரசு தன் பள்ளிகளில் ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, அந்தத் தனியார் பள்ளியின் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதை அப்பள்ளிக்குத் திருப்பித் தரும். தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் நலிந்த பிரிவினர் என்ற முறையில் விண்ணப்பிக்கலாம். பின்தங்கிய பிரிவுகளின் பட்டியலில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களும் இருக்கிறார்கள்.

விலக்கு எப்படி வந்தது?

இச்சட்டம் வந்தபோது சிறுபான்மைச் சமூகங்களுக்கு அச்சம் எழுந்தது இயல்பே. தாம் விரும்பும் கல்வி நிலையங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமையை 30ஆவது பிரிவு நமக்குத் தந்திருக்கிறது. யாரைச் சேர்ப்பது என்பதை அரசு முடிவு செய்தால் அந்த உரிமையில் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டோம். மத்ரஸாக்களின் கதி என்னவாகும் என்றும் கேட்டோம்.

இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. மத்ரஸாக்கள், வேத பாடசாலைகள் போன்ற சமயக் கல்வி நிலையங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது என 2012ஆம் ஆண்டின் திருத்தம் தெளிவாக்கியது. அதே ஆண்டு ஏப்ரலில், உதவி பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இச்சட்டத்திலிருந்து உச்ச நீதிமன்றம் விலக்களித்தது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. உதவி பெறுபவை, பெறாதவை என்ற வேறுபாடின்றி, எந்தச் சிறுபான்மைப் பள்ளிக்கும் இச்சட்டம் முழுமையாகவே பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

நாம் மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியில் தவறில்லை. நம் முன்னோர் வணிகத்தில் ஈட்டியதை வக்ஃபாக எழுதி வைத்தும், வீடு வீடாகத் திரட்டியும் எழுப்பிய கல்விக்கூடங்கள் இவை. வாணியம்பாடியில் 1919இல் இஸ்லாமியாக் கல்லூரியும், சென்னையில் நியூ கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் 1951இலும் எழுந்தது அந்த உழைப்பால்தான். அவற்றின் சுயாட்சி காக்கப்பட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எங்கள் கேள்வி வேறு. ஒரு கடமையிலிருந்து சட்டம் நம்மை விடுவித்தபோது, மார்க்கமும் விடுவித்துவிட்டதாக நாம் எண்ணிக்கொண்டோமா?

விலக்கின் மறுபக்கம்

அந்தத் தாயின் நிலையை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் என்பதால் அவருடைய மகனுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்தாலும் உரிமை உண்டு. ஊரிலுள்ள சிறுபான்மை அல்லாத எந்தத் தனியார் பள்ளியின் கதவையும் அவர் சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு தட்டலாம். கலிமா எழுதிய பலகை தொங்குகிற, காலையில் ஃபாத்திஹா ஓதித் தொடங்குகிற, தம் ஜமாஅத்தார் நடத்துகிற பள்ளிக்கூடத்தின் கதவை மட்டும் அவர் அப்படித் தட்ட முடியாது.

சிறுபான்மையினரைக் காக்க வந்த உரிமை, சிறுபான்மைக்குள் இருக்கும் ஏழைக்கு எதிராகத் திரும்பி நிற்கிறது. இதைச் சட்டம் வேண்டுமென்று செய்யவில்லை. சட்டம் ஓர் இடத்தைக் காலியாக விட்டது. அந்த இடத்தை நம் அமானிதத்தால் நாம் நிரப்பியிருக்க வேண்டும். நாம் கட்டண அட்டவணையால் நிரப்பினோம்.

25 சதவீதத்தோடு இது முடியவில்லை. பிரமதி தீர்ப்பின்படி சட்டம் முழுவதுமே நமக்குப் பொருந்தாது. நான்கு வயதுக் குழந்தையை உட்காரவைத்து நிறங்களின் பெயரைக் கேட்பதையும், தாய் பட்டதாரியா, தந்தை வெளிநாட்டில் இருக்கிறாரா என்று விசாரிப்பதையும் இந்தச் சட்டத்தைக் கொண்டு யாரும் தடுக்க முடியாது. 'கட்டட நிதி' என்ற பெயரில் வாங்குவதையும், ஒரே அறையில் 55 பிள்ளைகளை அடைப்பதையும்கூட இச்சட்டம் கேட்காது. நம் பள்ளிக்கூடங்கள் எல்லாமே இப்படி நடக்கின்றன என்று நாங்கள் சொல்லவில்லை. சொல்ல எங்களுக்கு உரிமையும் இல்லை. ஆனால் எங்கள் பள்ளிக்கூடத்தில் இவற்றில் சில நடந்தன, நாங்கள் கையெழுத்திட்டோம். 'விதிப்படி தவறில்லை' என்ற வாக்கியம் எங்கள் கூட்டக் குறிப்பேட்டில் பல முறை இடம்பெற்றிருக்கிறது.

ஓடி வந்த பார்வையற்றவர்

மக்காவின் செல்வாக்கு மிக்க தலைவர்களோடு பெருமானார் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் உரையாடிக்கொண்டிருந்தபோது, பார்வையற்ற ஏழைத் தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் ரளியல்லாஹு அன்ஹு அவர்கள் கற்றுக்கொள்ளும் ஆவலோடு வந்த நிகழ்வை நாம் அனைவரும் அறிவோம். குர்ஆனின் 80ஆவது அத்தியாயம் அதைப் பற்றியே இறங்கியது. தலைவர்கள் இஸ்லாத்தை ஏற்றால் அவர்களைப் பின்பற்றி ஒரு கூட்டமே வரும் என்ற நல்ல நோக்கம்தான் அங்கே இருந்தது. இருந்தும், தேவையற்றவர் போல் நடந்துகொள்பவரிடம் கவனம் செலுத்துவதும், அறிவைத் தேடி ஓடி வருபவரைக் காத்திருக்க வைப்பதும் அல்லாஹ்வுக்கு உவப்பாக இல்லை. அந்தத் தோழரைப் பெருமானார் அவர்கள் வாழ்நாள் முழுவதும் கண்ணியப்படுத்தினார்கள். மதீனாவின் முஅத்தின்களில் ஒருவராக அவர் இருந்தார். பெருமானார் பயணம் சென்ற வேளைகளில் மதீனாவில் அவர்களுடைய பொறுப்பாளராகவும் அமர்த்தப்பட்டார்.

எங்கள் அலுவலக அறையிலும் 'நல்ல நோக்கம்' இருந்தது. வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் வந்தால் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வரும், பெயர் வந்தால் வருமானம் வரும், வருமானம் வந்தால் பிற்பாடு ஏழைகளுக்கும் செய்யலாம் என்று கணக்கிட்டோம். அந்தப் 'பிற்பாடு' இன்னும் வரவில்லை.

பெருமானாரின் பள்ளிவாசலை ஒட்டிய திண்ணையில் தங்கிக் கற்ற அஹ்லுஸ் ஸுஃப்ஃபா தோழர்கள் வீடும் பொருளும் இல்லாதவர்கள். நம் வரலாற்றின் முதல் மாணவர் விடுதி அது. அங்கே சேருவதற்கு வறுமை தடையாக இருக்கவில்லை. பத்ரு போரில் பிடிபட்டவர்களுள் பணம் தர இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், மதீனத்துச் சிறுவர் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்பித்தால் அதுவே மீட்புத்தொகை என்று ஏற்கப்பட்டதாகச் சீறா நூல்கள் கூறுகின்றன. கையில் காசு இல்லாத காலத்திலும் அந்தச் சமுதாயம் பிள்ளைகளின் எழுத்தறிவைக் காசுக்கு மேலாக மதித்தது.

சொல்லப்படும் மறுப்புகள்

இதைப் பேசும்போதெல்லாம் மூன்று மறுப்புகள் எழுகின்றன. மூன்றிலும் நியாயம் உண்டு என்பதால் தட்டிக்கழிக்காமல் பார்ப்போம்.

"நம் பள்ளிக்கூடங்களே ஏழைப் பள்ளிக்கூடங்கள்" என்பது முதல் மறுப்பு. பெரும்பாலானவற்றுக்கு இது உண்மை. வாடகைக் கட்டடத்தில், சொற்ப ஊதியம் பெறும் ஆசிரியைகளின் தியாகத்தில் ஓடுகிற பள்ளிக்கூடங்கள் எத்தனையோ. அவற்றின் மீது இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. இந்தச் சுமை பள்ளிக்கூடத்தின் தலையில் அல்ல, மஹல்லாவின் தோளில் ஏற வேண்டியது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

"ஏழைப் பிள்ளைக்கு அரசுப் பள்ளி இருக்கிறதே" என்பது இரண்டாவது. இருக்கிறது, அதைக் குறைத்துப் பேச நாங்கள் ஆயத்தமாக இல்லை. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டமும், அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 2020 முதல் கிடைக்கும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் எத்தனை குடும்பங்களின் தலையெழுத்தை மாற்றியிருக்கின்றன! நம் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படிப்பதைத் தாழ்வாக நினைக்கும் மனப்போக்கும் ஒழிய வேண்டும். ஆனால் 'அரசுப் பள்ளி நல்லது' என்று ஏழையிடம் மட்டும் சொல்லிவிட்டு, நம் பிள்ளைகளை நம் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது அறிவுரை ஆகாது. எங்கே படிப்பது என்பதை அந்தத் தாயே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கட்டணம் அவருக்காகத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

"இப்படிப் பேசினால் 30ஆவது பிரிவை நாமே பலவீனப்படுத்துகிறோம்" என்பது மூன்றாவது. இதுதான் கனமான மறுப்பு. இதற்கான பதிலை அண்மையில் உச்ச நீதிமன்றத்தில் நடந்ததிலிருந்தே தேட வேண்டும்.

2025 செப்டம்பர் தரும் எச்சரிக்கை

அஞ்சுமன் இஷாஅத்தே தஃலீம் என்ற அறக்கட்டளைக்கும் மகாராஷ்டிர அரசுக்கும் இடையிலான வழக்கில், 2025 செப்டம்பர் 1 அன்று நீதிபதிகள் தீபாங்கர் தத்தா, மன்மோகன் ஆகியோர் தீர்ப்பளித்தார்கள். பணியில் இருக்கும் ஆசிரியர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்ற அதன் ஒரு பகுதிதான் தமிழ்நாட்டில் அதிகம் பேசப்பட்டது. பணி ஓய்வுக்கு ஐந்தாண்டுகளுக்கு மேல் இருப்பவர்களுக்கு அதற்காக இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. ஆசிரியர் குடும்பங்களில் எழுந்த கலக்கம் நாம் அறிந்ததே.

நம் கவனத்துக்குரிய பகுதி இன்னொன்று. சிறுபான்மைப் பள்ளிகளுக்குச் சட்டம் முழுவதிலிருந்தும் விலக்களித்த பிரமதி தீர்ப்பு சரிதானா என்ற ஐயத்தை அந்த அமர்வு எழுப்பியது. பெரிய அமர்வு அதை மறுபடியும் ஆராய வேண்டும் எனத் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அதுவரை விலக்கு தொடரும். அமர்வு எழுப்பிய கேள்விகளுள் ஒன்றை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும்: சிறுபான்மைப் பள்ளியில் அந்த 25 சதவீத இடங்களை, அதே சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த, அக்கம்பக்கத்து நலிந்த குழந்தைகளைக் கொண்டு நிரப்பலாம் என்று சட்டத்துக்குப் பொருள் கொண்டால் என்ன? அப்போது சிறுபான்மைத் தன்மை குலையுமா?

எங்கள் அலுவலகத்தில் ஒரு தையல்காரத் தாய் கேட்ட அதே கேள்வி, நாட்டின் உச்ச நீதிமன்றத்தில் வேறு மொழியில் கேட்கப்பட்டிருக்கிறது.

இந்த ஐயம் வெறும் காற்றில் பிறக்கவில்லை. சிறுபான்மைப் பள்ளிகளில் படிப்பவர்களுள் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கியவர்கள் 8.76 சதவீதமே என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை கூறியது. அந்த ஆணையத்தின் நோக்கத்தை நம்மில் பலர் ஐயுறுகிறோம். அதன் கணக்கெடுப்பு முறையையும் கேள்வி கேட்கலாம். ஆனால் 'அது தவறு, இதோ எங்கள் பள்ளிக்கூடங்களின் கணக்கு' என்று எடுத்து வைக்க நம்மிடம் ஏதேனும் ஏடு இருக்கிறதா? எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்கவில்லை. எத்தனை பிள்ளைகள் கட்டணச் சலுகை பெற்றார்கள், யார் பாதியில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று நாங்கள் எழுதி வைக்கவில்லை.

எனவே மூன்றாவது மறுப்புக்கு எங்கள் பதில் இதுதான். ஏழைப் பிள்ளையை அரவணைக்கும் பள்ளிக்கூடங்கள் நாடெங்கும் இருந்தால் அதைவிட வலிமையான வாதத்தை எந்த வழக்கறிஞரும் வைக்க முடியாது. 'எங்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். நாங்கள் கட்டாயம் இன்றியே செய்கிறோம்' என்று சொல்லக்கூடிய சமூகத்தின் சுயாட்சியைப் பறிக்க நியாயமான காரணம் கிடைக்காது. 'எங்களைக் கட்டாயப்படுத்த முடியாது' என்று மட்டும் சொல்கிற சமூகத்தின் நிலை அப்படி அல்ல.

நாமே விதித்துக்கொள்ளும் விதி

என்ன செய்யலாம்? பெரிய மாநாடு எதுவும் தேவையில்லை. சட்டப் புத்தகத்தைத் திறந்து, நமக்கு விலக்களிக்கப்பட்ட கடமைகளில் எவையெல்லாம் மார்க்கத்தின் கண்ணிலும் கடமைகளோ, அவற்றை நிர்வாகக் குழுவின் தீர்மானமாக எழுதிக்கொள்ளலாம்.

முதலில், செலவே இல்லாதவை. நுழைவு வகுப்பில் தேர்வும் நேர்காணலும் கிடையாது. நன்கொடை கிடையாது. பிரம்பு கிடையாது. கட்டணம் கட்டாத பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவது கிடையாது. இந்த நான்கையும் நாளைக்கே செய்யலாம்.

அடுத்து, அந்தக் கால் பங்கு இடங்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எல்.கே.ஜி.யில் 40 இடங்கள் கொண்ட பள்ளிக்கூடம் ஒன்று. ஆண்டுக் கட்டணம் 25,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். 10 பிள்ளைகளுக்கு இலவச இடம் என்றால் முதல் ஆண்டுக்கு 2,50,000 ரூபாய். ஆண்டுதோறும் பத்துப் பத்தாகக் கூடி, முதல் அணி எட்டாம் வகுப்பை எட்டும்போது பத்து வகுப்புகளில் 100 பிள்ளைகள்; ஆண்டுக்கு 25 லட்சம். அரசின் ஈட்டுத்தொகை நமக்கு வராது. அது வந்துகொண்டிருந்த பள்ளிகளின் பாடும் எளிதாக இல்லை. மத்திய அரசு, மாநில அரசு இடையிலான நிதிப் பிணக்கால் 2025-26ஆம் ஆண்டின் சேர்க்கை அக்டோபர் வரை தள்ளிப்போனதை நாம் பார்த்தோம். ஆகவே அரசை எதிர்பார்க்காத ஏற்பாடே நமக்கு ஏற்றது.

25 லட்சம் பெரிய தொகைதான். ஆனால் நம் ஊர்களில் ஒரு வலீமாவுக்கு ஆகும் செலவு என்ன என்பது நம் எல்லாருக்கும் தெரியும். அத்துடன், 40 இடங்களில் 33 மட்டுமே நிரம்பும் பள்ளிக்கூடங்களில், காலியாகக் கிடக்கும் ஏழு இடங்களுக்குப் புதிதாக ஆசிரியரோ அறையோ தேவைப்படாது. பிள்ளையின் சீருடையும் நூல்களுமே உண்மையான செலவு. காலி நாற்காலியைக் காலியாகவே வைத்திருப்பது சிக்கனம் ஆகாது.

மஹல்லாவின் பைத்துல்மால், வசதியுள்ளோர் ஒரு பிள்ளையை ஓராண்டுக்குப் பொறுப்பேற்பது, முன்னாள் மாணவர்களின் மாதச் சந்தா, வக்ஃபு வருமானத்தில் ஒரு பகுதி ஆகிய வழிகள் நம்மிடம் இருக்கின்றன. ஸகாத் நிதியைப் பொறுத்தவரை, அதை நேராகப் பள்ளிக்கூடத்தின் கட்டடத்துக்கும் ஊதியத்துக்கும் செலவிடுவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. தகுதியுள்ள ஏழைப் பெற்றோரின் கையில் ஸகாத்தைச் சேர்ப்பித்து அவர்களே கட்டணம் கட்டும் முறை பல ஊர்களில் நடைமுறையில் இருக்கிறது. அவரவர் ஊர் ஆலிம்களைக் கேட்டு ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம்.

தேர்வு எப்படி? குலுக்கல்தான். நிர்வாகியின் உறவு, ஜமாஅத் உறுப்பினரின் சிபாரிசு ஆகியவை நுழைந்த இடத்தில் ஏழை நுழைய முடியாது. பெயர்களை எழுதிப் போட்டு, ஊரார் முன்னிலையில் ஒரு சிறு பிள்ளை எடுக்கட்டும். அந்தப் பத்தில் சில இடங்களாவது அக்கம்பக்கத்து முஸ்லிமல்லாத ஏழைக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கட்டும். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்டிருப்பது மதம் பார்த்துச் சொல்லப்பட்டதன்று.

இன்னொன்றையும் வற்புறுத்தவேண்டும். இலவச இடத்தில் வந்த பிள்ளை யார் என்பது வகுப்பறைக்குத் தெரியக் கூடாது. தனிப் பிரிவு, தனி நேரம், வேறு நிறக் கழுத்துப்பட்டை ஆகியவை வேண்டாம். இடம் கொடுத்துவிட்டு முகத்தைச் சுருங்கச் செய்வதைக் காட்டிலும் கொடுக்காமல் இருப்பது மேல். பட்டியல் செயலாளரின் மேசைக்குள் இருக்கட்டும்; ஆண்டு விழா மேடையில் வேண்டாம்.

கடைசியாக, ஏடு. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் எட்டாம் வகுப்பை முடித்தார்கள் என்று ஆண்டுதோறும் பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் ஜும்ஆவுக்குப் பின் அறிவிக்கட்டும். ஆறு முதல் 14 வயதுள்ள முஸ்லிம் குழந்தைகளில் 25 சதவீதம் பேர் பள்ளியில் சேராதவர்கள் அல்லது இடையில் நின்றவர்கள் என்று 2006இல் சச்சார் குழு சொன்னபோது நாம் அதிர்ந்தோம். நம் பிள்ளைகளைப் பற்றி அடுத்தவர் எண்ணிச் சொல்லி நாம் அதிர்வது இனியும் தொடர வேண்டாம்.

ஒரே வரிசை

நம் ஊர் வழக்கில் 'பள்ளி' என்றால் தொழுகிற இடம். 'பள்ளிக்கூடம்' என்றால் படிக்கிற இடம். முதலாவதில் நாம் ஒரு காரியத்தைச் செம்மையாகச் செய்துவருகிறோம். அங்கே முன் வரிசைக்குக் கட்டணம் இல்லை. ஆட்டோ ஓட்டுநர் முந்தி வந்தால் அவர் முன் வரிசையில் நிற்பார். தோல் மண்டி உரிமையாளர் பிந்தி வந்தால் கடைசி வரிசையில் நிற்பார். ஒருவர் தோளோடு மற்றவர் தோள் உரசும். இமாம் வரிசையை நேராக்கச் சொல்வார். எல்லாரும் காலைப் பார்த்துச் சரிசெய்துகொள்வோம். இது யாருக்கும் விந்தையாகப் படுவதில்லை.

அதே இருவரின் பிள்ளைகள், அதே சுவருக்கு அப்பால் இருக்கும் பள்ளிக்கூடத்தில் ஒரே இருக்கையில் அமர்வது மட்டும் ஏன் நமக்கு இயலாத காரியமாகத் தோன்றுகிறது?

பெரிய அமர்வு என்ன தீர்ப்புச் சொல்லும் என்பதை அல்லாஹ்வே அறிவான். விலக்கு நீடிக்கலாம், நீங்கவும் நீங்கலாம். நீங்கிய பிறகு இதையெல்லாம் செய்தால் அது சட்டத்துக்குக் கீழ்ப்படிவது ஆகும். விலக்கு இருக்கும்போதே செய்தால்தான் அது நம் அமல் என்று எழுதப்படும். அந்த வாய்ப்புக்கு இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருக்கிறதோ தெரியாது.

வரும் மே மாதத்தில் எந்த ஊரிலேனும் ஒரு தாய், நம் பள்ளிக்கூடத்து அலுவலக வாசலில் நின்று தயங்கித் தயங்கி அதே கேள்வியைக் கேட்பார். 'உண்டும்மா, உள்ளே வாங்க' என்று சொல்லும் பாக்கியத்தை அல்லாஹ் நம் நிர்வாகிகள் அனைவருக்கும் தந்தருள்வானாக. எங்கள் வாசலில் பதில் இன்றித் திரும்பிப்போன அந்தத் தாயிடம், இதன் வழியாக நாங்கள் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம்.